கேப்டன் அண்ணாச்சியைப் பற்றி எழுதினால் நான் எட்டப்பனா?

வாசகர் கடிதம், சுருக்கமாக:

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 27 வயது இளைஞர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியும் நீக்கியும் தருகிறேன்.

தனியார் விமான நிறுவனம் ஒன்றில் கோ-பைலட்டாக இருக்கிறார். அப்பா வயலை விற்றுத்தான் இவரை ஃபிளையிங் ஸ்கூலில் சேர்த்தார். போதாததற்கு வாங்கிய கடனுக்காக வீட்டுப் பத்திரம் இன்னும் பாளையங்கோட்டையில் ஒரு வங்கியில் இருக்கிறது. இவர் அடிக்கடி சேர்ந்து பறக்கும் சீனியர் கேப்டன் நாங்குநேரிப் பக்கத்துக்காரர். வேலைக்கான இன்டர்வியூவுக்கு ராத்திரி ராத்திரியாகப் போனில் இவரைத் தயார் செய்தவரே அவர்தான். காக்பிட்டுக்குள் "சார்", வெளியே "அண்ணாச்சி".

அந்த அண்ணாச்சியைப் பற்றி மூன்று விஷயங்கள் சொல்கிறார். ஒன்று, செக்லிஸ்ட் அட்டையைக் கையில் எடுக்காமலே, "எல்லாம் நான் பாத்துட்டேன், முடிஞ்சுன்னு சொல்லுடே" என்பார். இவரும் "கம்ப்ளீட்" என்று சொல்லிவிடுவார். இரண்டு, மழை நேரத்து மாலையொன்றில் தரையிறங்கும்போது 500 அடியிலும் வேகம் குறையவில்லை. இவர் ஒரு முறை "அன்ஸ்டேபிள்" (இறக்கம் சரியில்லை) என்றார். கேப்டன் திரும்பிப் பார்க்காமல் ஒற்றை விரலை மட்டும் உயர்த்தி "தெரியும்" என்றார். ஓடுபாதையில் குறியிட்ட இடத்தைத் தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. ஹோட்டலுக்குப் போகிற வண்டியில், "இதையெல்லாம் எழுதிக்கிட்டு இருக்காத" என்று தோளில் தட்டினார். மூன்று, வெளியூரில் தங்கும் இரவுகளில் பன்னிரண்டரை வரை குடித்துவிட்டு, காலை எட்டரை மணி விமானத்தை எடுத்திருக்கிறார். மூச்சுச் சோதனை மெஷின் பூஜ்யம்தான் காட்டியது. பாட்டில் இருந்த மேஜையை இவர் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறார்.

கூடப் படித்த நண்பனிடம் சொன்னதற்கு, "ஏல, எட்டப்பன் வேலை பாக்காத. நாளைக்கு உன்கூட எவன்ல பறப்பான்?" என்று பதில் வந்ததாம். பயிற்சிப் பிரிவில் இருப்பவர்கள் அண்ணாச்சியின் நண்பர்கள்; தான் கேப்டனாக உயர்வது அவர்கள் கையில் என்பது இவர் பயம்.

அப்புறம் ஒன்று எழுதியிருக்கிறார். அக்காவின் பிரசவத்துக்காக அம்மா வாகைக்குளத்தில் விமானம் ஏறிச் சென்னை போக வேண்டியிருந்தது. அன்றைய ரோஸ்டரை, அதாவது எந்த விமானத்தில் யார் என்ற பணிப் பட்டியலை, பார்த்தார். அண்ணாச்சி பெயர் இருந்தது. காரணம் சொல்லாமல் டிக்கெட்டை மறுநாளைக்கு மாற்றிவிட்டார்.

இவர் கேட்பது: மெஷின் பூஜ்யம் காட்டிய பிறகு அது குற்றமா? கேப்டன்தானே பொறுப்பு, எனக்கு இதில் என்ன? பெயர் போடாமல் டிஜிசிஏ-வுக்கு (இந்தியாவின் விமான ஒழுங்குமுறை அமைப்பு) ஒரு கடிதம் போட்டால் போதாதா? முறைகேட்டை வெளியே சொல்பவர்களுக்கான விசில்புளோயர் சட்டம் என்னைக் காப்பாற்றுமா? அவதூறு வழக்குப் போடுவார்களோ? அண்ணாச்சியின் வாழ்க்கையே முடிந்துவிடாதா?

பதில்:

தம்பி, நான் விமானம் ஓட்டத் தெரிந்தவன் இல்லை. வேலை நீக்கம், இடைநீக்கம், சம்பளப் பாக்கி என்று பணி வழக்குகள் நடத்துகிற பாளையங்கோட்டை வக்கீல். அந்த அளவில் என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது டிக்கெட் மாற்றிய பகுதியைத்தான். அண்ணாச்சி நல்ல பைலட், கொஞ்சம் அலட்சியம், அவ்வளவுதான் என்று கடிதம் முழுக்கச் சொல்கிறீர்கள். ஆனால் அம்மா விஷயம் என்று வந்தவுடன் உங்கள் கை வேறு முடிவு எடுத்திருக்கிறது. உங்கள் தொழில் அறிவு ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதை எழுத்தில் வைக்கத்தான் தயங்குகிறீர்கள். அன்றைக்கு அந்த விமானத்தில் ஏறியவர்களுக்கு ரோஸ்டர் பார்க்கிற பிள்ளை இல்லை.

எட்டப்பன் என்ற பெயர் நம் பக்கத்தில் எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றைத் தாண்டித்தான் நானும் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய் வருகிறேன். ஆனால் அந்தப் பட்டம் ஒட்ட வேண்டுமென்றால் உங்களுக்கு ஏதாவது ஆதாயம் இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் நஷ்டக் கணக்கு மட்டும்தான் இருக்கிறது. ஆகவே நண்பர் சொன்னதை ஓரமாக வையுங்கள்.

அதே சமயம் உங்கள் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். உலகம் முழுக்க விமானிகள் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள், அதற்குக் காரணமும் உண்டு. 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில், வாஷிங்டன் பக்கம் இறங்க வந்த டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514-ஆம் எண் விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். விசாரணையில் ஒரு விஷயம் வெளியே வந்தது. ஆறு வாரத்துக்கு முன்பு, இன்னொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் அதே குழப்பத்தில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்துக்குச் சொன்னார்கள். நிறுவனம் தன் ஆட்களை மட்டும் எச்சரித்தது. வெளியே யாருக்கும் சேதி போகவில்லை.

அதன் பிறகு அமெரிக்க அரசின் விமான ஒழுங்குமுறை அமைப்பு, "எங்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள்" என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. விமானிகள் நம்பவில்லை. லைசென்ஸைப் பறிக்கிற கையிலேயே எழுதிக் கொடுப்பதா என்று யோசித்தார்கள். அதனால் 1976-இல் அந்த வேலையை நாசாவிடம் ஒப்படைத்தார்கள். நாசாவுக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. வருகிற அறிக்கையில் பெயர்களை எடுத்துவிட்டு, நடந்ததை மட்டும் வைத்துக்கொள்வார்கள். சம்பவம் நடந்து பத்து நாளுக்குள் எழுதியவருக்கு, தெரியாமல் செய்த மீறலுக்காக அபராதமோ லைசென்ஸ் நிறுத்தமோ இல்லை என்ற சலுகையும் உண்டு. குற்றச் செயலும் விபத்தும் இதில் சேராது. அந்த ஏற்பாடு இன்றைக்கும் நடக்கிறது.

நம் நாட்டில் அப்படி நடுவில் ஒரு மூன்றாவது ஆள் இல்லை. அறிக்கை வாங்குவதும் டிஜிசிஏ, தண்டிப்பதும் டிஜிசிஏ. நீங்கள் தயங்குவதில் பாதி நியாயம் இங்கே இருக்கிறது. இதை மறைத்துவிட்டு "பயப்படாமல் எழுதுங்கள்" என்று உங்களுக்குச் சொல்வது சரியில்லை. சரி, இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

மெஷின் பூஜ்யம் காட்டினால் குற்றம் இல்லையா?

இது பலருக்கும் இருக்கிற தப்புக் கணக்கு. விமான விதிகள் 1937-இல் 24-ஆம் விதி, விமானம் கிளம்புவதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் மது தொடக்கூடாது என்கிறது. உடம்பில் மிச்சம் இருக்கக்கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. எட்டரை மணி விமானத்துக்கு, முந்தின நாள் இரவு எட்டரைக்கே கோப்பையைக் கீழே வைத்திருக்க வேண்டும். பன்னிரண்டரைக்கு வைத்தால் இடைவெளி எட்டு மணி நேரம்தான். மெஷின் என்ன காட்டினாலும் விதி உடைந்துவிட்டது. தவிர, மெஷின் மூச்சிலுள்ள ஆல்கஹாலைத்தான் அளக்கும். தூக்கம் கெட்டதையும் தலை பாரத்தையும் அளக்காது.

கேப்டன்தானே பொறுப்பு?

இறுதி அதிகாரம் கேப்டனுடையதுதான். ஆனால் அதிகாரம் அவரிடம் இருப்பதால் பொறுப்பு உங்களிடம் இல்லாமல் போகாது. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த தவறான எண்ணம் இதுதான்.

2023-இல் நடந்த இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். துபாயிலிருந்து டெல்லி வந்த விமானத்தில் கேப்டன் தன் தோழியைக் காக்பிட்டுக்குள் உட்கார வைத்தார். புகார் செய்தது விமானப் பணிக்குழுவில் ஒருவர். கேப்டனுக்கு மூன்று மாத லைசென்ஸ் நிறுத்தம், நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம். கோ-பைலட்டுக்கு எச்சரிக்கை, காரணம், அழுத்திச் சொல்லித் தடுக்கவில்லை என்பது. சில வாரங்களில் லே போன விமானத்தில் அதே மாதிரிச் சம்பவம். இந்த முறை கேப்டனுக்கு ஒரு வருடம், கோ-பைலட்டுக்கு ஒரு மாதம் லைசென்ஸ் நிறுத்தம். இரண்டிலும் தோழியைக் கூப்பிட்டது கோ-பைலட் இல்லை. சும்மா இருந்ததற்குத்தான் அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

லைசென்ஸ் நிறுத்தம் சின்ன விஷயம். 2010 மே 22 மங்களூர் விபத்தில் 158 பேர் இறந்தார்கள். கோ-பைலட் "கோ-அரவுண்ட்" (இறங்காமல் மறுபடி மேலே ஏறுங்கள்) என்று மூன்று முறை சொல்லியும் கேப்டன் இறக்கத்தை நிறுத்தவில்லை என்று விபத்து விசாரணைக் குழு பதிவு செய்தது. 2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோடு விபத்திலும் கோ-பைலட் "கோ-அரவுண்ட்" என்றார். அறிக்கை அதோடு நிற்கவில்லை. கேப்டன் கேட்காதபோது அவர் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கத் தவறியதையும் காரணங்களில் ஒன்றாக எழுதியது. அந்த விபத்தில் இறந்த 21 பேரில் இரண்டு விமானிகளும் உண்டு. இறந்த இளைஞரைப் பற்றி அப்படி எழுதியதைப் படிக்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் சட்டம் உங்கள் நாற்காலியை எப்படிப் பார்க்கிறது என்பது அதில் தெரிகிறது. அது சாட்சியின் நாற்காலி இல்லை.

செக்லிஸ்ட் விஷயத்தில் நீங்கள் இன்னும் ஒரு படி உள்ளே இருக்கிறீர்கள். "கம்ப்ளீட்" என்று சொன்ன குரல் உங்களுடையது. படிக்காத பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுவதும் இதுவும் ஒன்றுதான். 2014-இல் அமெரிக்காவில் பெட்ஃபோர்டு என்ற இடத்தில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் விமானம் ஓடுபாதையை விட்டுக் கிளம்ப முடியாமல் ஓடி எரிந்து ஏழு பேரும் இறந்தார்கள். கட்டுப்பாடுகளைப் பூட்டி வைக்கும் லாக்கை எடுக்காமலே கிளம்பியிருந்தார்கள். பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தால், அதற்கு முந்தைய 175 பயணங்களில் இரண்டில் மட்டுமே, கிளம்பும் முன் கட்டுப்பாடுகளை அசைத்துப் பார்க்கும் சோதனை முழுதாகச் செய்யப்பட்டிருந்தது. இரண்டு பேரும் அனுபவசாலிகள். ஒருத்தருக்கொருத்தர் பழகியவர்கள். ஒருத்தர்கூட, "இன்னிக்கு அட்டையை எடுப்போம்" என்று சொல்லவில்லை.

மொட்டைக் கடுதாசி போட்டால் என்ன?

நம் மாவட்டத்தில் மொட்டைக் கடுதாசிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. எந்த ஆபீஸிலும் ஒரு ஃபைல் நிறைய அது கிடைக்கும். அதனால்தான் அதை யாரும் முதலில் எடுத்துப் படிப்பதில்லை.

உங்கள் விஷயத்தில் அது இரண்டு மடங்கு கெடுதல். காக்பிட்டில் இருப்பது இரண்டு பேர். இந்தத் தேதி, இந்த விமானம், 500 அடியில் இப்படி நடந்தது என்று ஒரு கடிதம் போனால், எழுதியது யார் என்று கண்டுபிடிக்க துப்பறியும் நிபுணர் வேண்டாம். ஆக, பெயர் போடாததால் கிடைக்கிற மறைவு உங்களுக்குக் கிடைக்காது. பெயர் போட்டதால் கிடைக்கிற பாதுகாப்பும் கிடைக்காது. நாளைக்கு விசாரணை வந்தால், "நான்தான் முன்பே சொன்னேனே" என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

பெயர் போட்டு, ஆனால் ரகசியமாகக் கொடுக்கும் வழிதான் உங்களுக்குப் பொருந்தும். பெயர் இல்லாமல் எழுதுவது வேறு, பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லி எழுதுவது வேறு. சர்வதேச சிவில் விமான அமைப்பு 2013-இல் கொண்டு வந்த 19-ஆம் இணைப்பு, ஒவ்வொரு நாடும் தன்னார்வ அறிக்கைக்கு இப்படி ஒரு வழி வைக்க வேண்டும் என்கிறது. டிஜிசிஏ-விடமும் உண்டு, உங்கள் நிறுவனத்தின் ஃபிளைட் சேஃப்டி பிரிவிலும் உண்டு.

எந்தச் சட்டம் காக்கும்?

விசில்புளோயர் சட்டம் என்று நீங்கள் நினைப்பது 2014-இல் நிறைவேறியது. அது பொது ஊழியர்களின் ஊழலையும் அதிகாரத் துஷ்பிரயோகத்தையும் பற்றியது. உங்கள் கேப்டன் பொது ஊழியர் இல்லை. அதை நம்பி இறங்காதீர்கள்.

உங்களுக்கு உதவக்கூடியது கம்பெனிகள் சட்டம் 2013-இன் 177-ஆம் பிரிவு. பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனங்களும், வங்கிக் கடன் 50 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களும் ஊழியர்கள் புகார் சொல்ல ஒரு ஏற்பாடு வைத்தே ஆக வேண்டும். சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும், தேவைப்பட்டால் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகலாம் என்பதும் அதில் இருக்கிறது. பயிற்சிப் பிரிவு அண்ணாச்சியின் நண்பர்கள் என்றால், அவர்களைத் தாண்டிப் போக இதுதான் கதவு. உங்கள் நிறுவனத்தின் கொள்கை ஆவணத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள்.

அவதூறு வழக்குப் போடுவார்களோ என்றும் கேட்டிருந்தீர்கள். பாரதிய நியாய சம்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. ஆனால் விசாரிக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு சொல்லும் புகாருக்கு அதிலேயே விலக்கு இருக்கிறது. பைலட்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அந்த விலக்கு கிடையாது. அந்த மேஜைப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், அழிக்கவும் வேண்டாம். மேஜையில் பாட்டில் இருந்தது என்பதைத் தவிர அந்தப் படம் எதையும் நிரூபிக்காது. காக்பிட்டில் ரகசியமாகப் பதிவு செய்யும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அது உங்களையே விதி மீறியவராக்கும்.

இனி என்ன செய்யலாம்?

சில பேர் சொல்லும் சுலப வழி, ரோஸ்டர் பிரிவில் பேசி அவரோடு பறக்காமல் பார்த்துக்கொள்வது. உங்களுக்கு நிம்மதி. அந்த வலது பக்க நாற்காலியில் உங்களை விட இளையவர் ஒருவர் வந்து உட்காருவார். வேலையை விடுவதும் உடனடி விடுதலை இல்லை. கோ-பைலட் ஆறு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2017-இல் டிஜிசிஏ விதி கொண்டு வந்தது. அந்த ஆறு மாதமும் அதே ரோஸ்டர்தான்.

நான் சொல்வது இந்த வரிசை. முதலில் காக்பிட்டில் உங்கள் வாய். அடுத்த முறை "முடிஞ்சுன்னு சொல்லுடே" என்றால், "சார், நான் வாசிக்கிறேன், நீங்க பதில் சொல்லுங்க" என்று அட்டையைக் கையில் எடுங்கள். சண்டை வேண்டாம், விளக்கம் வேண்டாம், அட்டை போதும். இறக்கம் சரியில்லை என்றால் "அன்ஸ்டேபிள்" என்று நிறுத்தாமல் "கோ-அரவுண்ட்" என்று சொல்லுங்கள். முதலாவது நிலைமையைச் சொல்லும் சொல், இரண்டாவது செயலைக் கேட்கும் சொல். இரண்டு முறை கூப்பிட்டும் அவர் அசையவில்லை என்றால் கட்டுப்பாட்டை எடுப்பது பற்றி உங்கள் நிறுவன நடைமுறை என்ன சொல்கிறது என்று வார்த்தை வார்த்தையாகப் படித்து வையுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.

மது விஷயத்தில் சொல்ல வேண்டிய நேரம் மறுநாள் காலை இல்லை, முந்தின இரவு. எட்டரை மணிக்கு, "அண்ணாச்சி, காலைல எட்டரைக்கு ஃபிளைட், இதோட நிறுத்திக்கிடுவோம்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கேட்கவில்லையா? "அப்ப நீங்க அன்ஃபிட்னு சொல்லிருங்க. இல்லன்னா நான் டியூட்டி மேனேஜர்கிட்ட பேச வேண்டியிருக்கும்." அதற்கும் மசியவில்லை என்றால் பேசியே ஆக வேண்டும். 12 மணி நேரம் ஆகவில்லை என்று தெரிந்துகொண்டே நீங்களும் அந்த விமானத்தில் ஏறினால் பிறகு உங்களுக்கு வாதம் மிஞ்சாது.

அடுத்தது எழுத்து. மழை நாள் இறக்கத்தைப் பற்றி ஃபிளைட் சேஃப்டி பிரிவுக்கு ரகசிய அறிக்கை கொடுங்கள். யாருக்கும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். விமானத்தின் தரவுப் பதிவில் 500 அடியில் இருந்த வேகம் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கக்கூடும். அதில் இல்லாதது, காக்பிட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதுதான். குரல் பதிவுக் கருவி பெரும்பாலான விமானங்களில் கடைசி இரண்டு மணி நேரத்தைத்தான் வைத்திருக்கும். அது எப்போதோ அழிந்திருக்கும்.

எப்படி எழுதுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கேப்டனைப் பற்றிய குற்றப் பத்திரிகையாக எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "இந்தத் தேதி, இந்த விமானம். 500 அடியில் வேகம் இலக்கை விட இத்தனை நாட் அதிகம். நான் ஒரு முறை அன்ஸ்டேபிள் என்றேன். கோ-அரவுண்ட் செய்யவில்லை. நான் இரண்டாவது முறை கூப்பிடவில்லை. குறியிட்ட பகுதியைத் தாண்டித் தரை தொட்டோம். அன்றே அறிக்கை கொடுக்காததற்குக் காரணம் தயக்கம்." அலட்சியம், திமிர், குடிகாரர் என்று எந்த வார்த்தையும் வேண்டாம். உங்கள் பங்கை நீங்களே எழுதியிருப்பதால், உங்களைக் கெட்ட எண்ணம் உள்ளவர் என்று சொல்வது யாருக்கும் கடினம். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: தன்னார்வ அறிக்கையின் பாதுகாப்பு நேர்மையான தவறுக்குத்தான். தெரிந்தே திரும்பத் திரும்பச் செய்யும் மீறலுக்கு அது கவசம் ஆகாது. நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் "கம்ப்ளீட்" என்ற உங்கள் சொல் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு நகர்கிறது.

டிஜிசிஏ எப்போது? நிறுவனத்துக்கு எழுதி, அறிக்கை எண் கிடைத்து, நியாயமான காலம் கழித்தும் அதே நடத்தை தொடர்ந்தால், அல்லது அறிக்கை வெளியே கசிந்து உங்களை மிரட்டினால். அப்போது போகிற கடிதத்தோடு முந்தைய அறிக்கையின் நகலும் சேரும். முதல் நாளே டெல்லிக்கு எழுதுவதை விட அதற்கு எடை அதிகம். போதையோடு ஒருவர் விமானத்தில் ஏறப் போகிறார் என்ற நிலைக்கு இந்த வரிசை பொருந்தாது. அங்கே படி ஏறிக்கொண்டிருக்க நேரம் இல்லை, விமானம் கிளம்பக் கூடாது.

அண்ணாச்சிக்கு என்ன ஆகும்?

அவர் வாழ்க்கையே முடிந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. மூச்சுச் சோதனையில் முதல் முறை மாட்டினால் மூன்று மாத லைசென்ஸ் நிறுத்தம், இரண்டாவது முறை மூன்று வருடம், மூன்றாவது முறைதான் ரத்து. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.

1990 மார்ச்சில் அமெரிக்காவில் முந்தின இரவு குடித்துவிட்டு மூன்று விமானிகள் ஃபார்கோ என்ற ஊரிலிருந்து காலையில் பயணிகளோடு பறந்தார்கள். தகவல் கொடுத்தது பாரில் இருந்த ஒரு வாடிக்கையாளர். மூன்று பேரும் சிறைக்குப் போனார்கள், கோ-பைலட்டும் சேர்த்து. அந்தக் கேப்டன் குடியை விட்டு, லைசென்ஸை அடியிலிருந்து திரும்ப எடுத்து, அதே நிறுவனத்தில் 747 ஓட்டி ஓய்வு பெற்றார். பின்னால் ஜனாதிபதியின் மன்னிப்பும் கிடைத்தது. குடிநோயுள்ள விமானிகளுக்குச் சிகிச்சை கொடுத்து மறுபடி பறக்க வைக்கும் திட்டம் அங்கே 1970-களிலிருந்தே இருக்கிறது. இங்கே உங்கள் நிறுவனத்தில் சக விமானிகள் உதவிக் குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். மது விஷயத்தை அந்த வழியாகக் கொண்டு போவது அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. வெளியூரில் தங்கும் இரவுகளில் பன்னிரண்டரை வரை குடிக்கிறவருக்கு விதிப் புத்தகத்தோடு டாக்டரும் தேவைப்படலாம்.

உங்களுக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். கேப்டன் பதவி உயர்வு ஒரு சுற்றுத் தள்ளிப் போகலாம். அப்படி நடந்தால் அது பழிவாங்கல் என்று காட்டத் தேவையானது தேதிகள்தான். எந்த நாள் அறிக்கை, எந்த நாள் உங்கள் தேர்வு மதிப்பெண் திடீரென்று இறங்கியது, யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். இதுவரை உங்களைச் சோதித்தவர்கள் கொடுத்த நல்ல மதிப்பீடுகளின் நகல்களை இப்போதே எடுத்து வையுங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது சிரமம். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பத்திரம் வங்கியில் இருக்கிற வீட்டில் இந்தச் சேதி அவருக்கு வெளியாள் மூலம் தெரியக் கூடாது.

அறிக்கையின் நகலை எனக்கு அனுப்ப வேண்டாம். அதில் பெயர்கள் இருக்கும், அது ரகசியமாக இருப்பதே உங்களுக்குப் பலம். நிறுவனத்திலிருந்து நோட்டீஸ் ஏதாவது வந்தால் பதில் எழுதுவதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பாருங்கள். போகும்போது வேலை ஒப்பந்தம், பயிற்சி பாண்டு, கடைசி ஆறு மாத ரோஸ்டர், அந்த நோட்டுப் புத்தகம் நான்கையும் எடுத்துப் போங்கள்.